கறுப்பு வெள்ளைப் புத்தகம்

"இந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரன்கூட வாங்க மாட்டான், சார்!"

சூடாமணி அதை இரண்டு விரலால் தூக்கி மேனேஜரிடம் காட்டினாள். அறையே சிரித்தது. டெரன்ஸும் சேர்ந்து சிரித்துவைத்தான்.

அடையாறில், தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களுக்கு மேப் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ் அது. இத்தனை காலம் பேனாவும் ஸ்கேலுமாகப் பிழைப்பு ஓடியது. தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வந்து நடு ஹாலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மேப் போடும் சாஃப்ட்வேரை மூன்று மாதத்தில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், வராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சங்கரன் கறாராகச் சொல்லிவிட்டார்.

எதை வைத்துக் கற்பது? டெரன்ஸ் இந்தப் பாடப்புத்தகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும், சூடாமணி இன்டர்நெட்டில் வரும் பாடங்களைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் எது தேறுகிறதோ, அதன்படிதான் இனி ஆபீஸில் எல்லா மேப்பும். மூன்று மாத முடிவில் வைக்கும் டெஸ்ட்டும் அதிலிருந்துதான். ஜெயித்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சீனியர் பதவியும் அவருக்கே.

"புத்தகத்துல இருக்கிறது பழைய வெர்ஷன், சார். இன்டர்நெட்டுல கலர் கலரா படம் போட்டு விளக்கறாங்க," என்றாள் சூடாமணி.

"அந்தப் படம் வந்து சேர்றதுக்குள்ள டீ ஆறிடுது. இன்டர்நெட் ஓடுறதும் அதே லைன்லதான், அதுவரைக்கும் ஆபீஸ் போனும் செத்துக் கிடக்குது," என்றான் டெரன்ஸ்.

"அப்படியா? வாங்க டெரன்ஸ் சார், எவ்வளவு சுலபம்னு நீங்களே பாருங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டு, பச்சைக் கோட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கணும். எல்.கே.ஜி. பிள்ளைகூடப் பண்ணிடும்."

டெரன்ஸ் உட்கார்ந்தான். மௌஸைப் பிடித்த கை நகரவில்லை.

"என்ன சார், கோலம் போடச் சொன்ன மாதிரி முழிக்கிறீங்க?"

"ஸ்கிரீனைப் பார்த்தா எனக்குத் தலையை வலிக்குது, மேடம்," என்று எழுந்துவிட்டான்.

தலைவலியும் இல்லை, ஒன்றுமில்லை. அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலிருந்தே அப்படி. கறுப்பு மசியில் வரைந்த வரைக்கும் பிழைத்தான். மனைவி ஜூலியட்டைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தப் புத்தகமோ முழுக்கக் கறுப்பு வெள்ளை. தண்ணீர்க் குழாய்க்கு முழுக்கோடு, சாக்கடைக்கு விட்டுவிட்டு ஒரு கோடு, கேபிளுக்குப் புள்ளிக் கோடு. அதை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே பிசகில்லாமல் போட்டுப் பார்த்துவிட்டான். இன்டர்நெட் பாடம் ஜெயித்தால் டெஸ்ட்டில் அவன் குட்டு உடைந்துவிடும். கலர் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று சங்கரன் கேட்பார்.

வெள்ளிக்கிழமை முதலில் அவனைத்தான் பேசச் சொன்னார்கள்.

"புத்தகம்னா... கரண்ட் போனாலும் படிக்கலாம், சார்."

"கரண்ட் பூட்ச்சுன்னா கம்ப்யூட்டரும்தான் பூடும். வெறும் புக்கை வச்சிக்கினு இன்னா பண்றது நைனா?" என்றார் சர்வேயர் ஹனீஃபா. மறுபடியும் சிரிப்பு.

டெரன்ஸ் உட்கார்ந்துவிட்டான். வேலை போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

சூடாமணி எழுந்தாள். "புத்தகமே இருக்கட்டும், சார்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"நம்ம மேப் கடைசியில காண்ட்ராக்டர்கிட்டதான் போகுது. அவர் அதை ஜெராக்ஸ் எடுத்துதான் பள்ளம் தோண்டுற ஆள்கிட்ட கொடுப்பார். ஜெராக்ஸ்ல சிவப்பு, பச்சை எல்லாம் ஒரே கறுப்பு. தண்ணிக் குழாய்னு நினைச்சு சாக்கடையை உடைச்சா நம்ம பேர்தான் நாறும். புத்தகத்துல இருக்கிற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதமா கோட்டையே மாத்திப் போட்டா அந்த வம்பே இல்லை."

"பழைய பேப்பர்காரன்கூட வாங்க மாட்டான்னு சொன்னது யாரும்மா?" என்றார் சங்கரன்.

"நான்தான் சார். யோசிக்காம சொல்லிட்டேன்."

"மேடம் கட்சி மாறிட்டாங்கோ!" என்று ஹனீஃபா குரல் கொடுத்தார்.

சங்கரன் சலித்துக்கொண்டார். "உங்க பேச்சுல உங்களுக்கே பிடிப்பு இல்லையே. சரி, புத்தகம்தான். டெரன்ஸே சொல்லிக்கொடுக்கட்டும். சீனியர் பதவியும் அவருக்குத்தான்."

டெரன்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் மிதப்பும் வந்தது. மனுஷ சுபாவம், என்ன செய்ய?

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சூடாமணியைப் பார்த்ததும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மேடம், கடைசியில நம்ம புத்தகத்துக்கே வந்து சேர்ந்தீங்களா? என்னமா கிண்டல் பண்ணீங்க!"

"பண்ணினது தப்புதான், சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு உங்களை அந்த ஸ்கிரீன் முன்னால உட்கார வெச்சிருக்கக் கூடாது."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க அண்ணனுக்கும் சிவப்பு, பச்சை தெரியாது. அவனும் இப்படித்தான் தலைவலின்னு எழுந்துடுவான். ஒரு பிரஸ்ல வேலை பார்த்தான். விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கூட வேலை பார்த்தவங்க அத்தனை பேரும் அங்கேதான் இருந்தாங்க, சார். அவனுக்காக ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை."