ஒரே ஏரியா, இரண்டு மனு

தாம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் சட்டமன்றத் தொகுதி எல்லைகளை மாற்றி வரைவதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. மணமக்கள் உட்காரும் இடத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே நேற்றைய சாமந்திச் சரம் வாடித் தொங்குகிறது. பின்னாலிருக்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு, முடிச்சூரில் எங்கள் தெருவின் நட்டநடுவே இறங்குகிறது. கிழக்கு வரிசை வீடுகளுக்கு ஒரு எம்.எல்.ஏ., மேற்கு வரிசைக்கு இன்னொருவர். மழைநீர்க் கால்வாயோ கிழக்கில் தொடங்கி மேற்கில் முடிகிறது. அடுத்த வெள்ளத்துக்கு யார் வாசலில் போய் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கிழக்கு வரிசைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தனசிங் மேடையேறி மனுவை நீட்டுகிறார். "நாங்கல்லாம் ஒரே குடும்பம் சார், பிரிச்சுடாதீங்க." அவர் முடிப்பதற்குள் மேற்கு வரிசைச் சங்கத்துத் தீபலட்சுமி, அவர் பக்கம் திரும்பாமலே, தன் மனுவை வைக்கிறார். "நாங்களும் அதேதான் சார்." அதிகாரி இரண்டு லெட்டர்பேடையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். "ஒரே ஏரியான்னா எதுக்குங்க ரெண்டு சங்கம்?" பொங்கல் விழா ஸ்பீக்கரை யார் வாசலில் கட்டுவது என்று வந்த சண்டையில் சங்கம் இரண்டான கதை, மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியும்; மீதிப்பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். "அது... ஒரு வசதிக்கு சார்," என்கிறார் தனசிங். "நிர்வாக வசதிக்கு," என்று திருத்துகிறார் தீபலட்சுமி. அதிகாரி சிரிக்கவில்லை. "நாங்களும் அதுக்குத்தாங்க கோடு போட்டிருக்கோம்." மின்விசிறி சுற்றுகிறது. அடுத்து அஸ்தினாபுரத்துக்காரர்களைக் கூப்பிடுகிறார்கள். தனசிங்கும் தீபலட்சுமியும் இறங்காமல், வெறுங்கையோடு, மேடையிலேயே நிற்கிறார்கள்.