தலைப் பங்கு

துப்பாக்கியைத் தார்ப்பாயில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் கிழவன் வந்தான்.

கால் நகரவில்லை.

ரேஷன் கடை வாசலில் பதினோரு நாட்டுத் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. இவனுடையது பன்னிரண்டாவது. எது யார் வீட்டுக் கூரைக்குள் இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

ரேஞ்சர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி குற்றம். லைசென்ஸ் இருந்தாலும் மானைச் சுட்டால் குற்றம். மான்கறி சட்டியில் இருந்தால் அதுவும் குற்றம். இன்று சாயங்காலத்துக்குள் ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை. பெயர் எழுதமாட்டார்கள். ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள்.

கிழவன் நம்பவில்லை. காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறவனை அவன் எந்தக் காலத்தில் நம்பினான்?

கடைசியாக எப்போது சுட்டாய், எதைச் சுட்டாய் என்று எவனாவது ஒருத்தன் கேட்காமலா போய்விடுவான்.

கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தான்.

சடையனை.

முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் சேர்ந்துதான் காட்டுக்குப் போனார்கள். சடையன் ஓடைக்கு மேல்பக்கம் ஏறினான். இவன் கீழ்ப்பக்கம் பதுங்கினான். மேலே ஒரு வெடிச் சத்தம். ரொம்ப நேரம் கழித்துப் புதர் அசைந்தது.

புதருக்கு மேலே கொம்பு.

அடிபட்ட மான் இறங்கி வருகிறது என்று நினைத்தான்.

மான் மேலேயே செத்துப்போயிருந்தது. சடையன் அதைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இவன் சுட்டது ஒரே வெடி.

போலீசுக்குப் போனால் மானையும் சொல்ல வேண்டும், மனுஷனையும் சொல்ல வேண்டும். சடையனின் துப்பாக்கியை ஓடை மணலில் புதைத்தான். சடையனைத் தேன்பாறைக்கு இழுத்துப் போய்ப் பள்ளத்தில் உருட்டினான். ஊருக்கு வந்து, வழியிலேயே பிரிந்துவிட்டோம், அவன் தேன் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான் என்று சொன்னான்.

நாலாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. பாறை கிழித்தது எது, ரவை துளைத்தது எது என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அது இல்லை.

மானைக் காட்டிலேயே விட்டுவிட்டான். தலையை மட்டும் விட முடியவில்லை.

அந்த மலையில் அடித்தவனுக்குத்தான் தலை. கறியை எத்தனை கூறு வேண்டுமானாலும் போடலாம். அடித்தவன் வீட்டுக்குத் தலை போகாமல் இருந்தது கிடையாது. மானை அடித்தது சடையன்.

மறுநாள் வெளுக்கும் நேரத்தில் தேக்கிலையில் சுற்றிக் கொண்டுபோய்ச் சடையன் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தான். ஏன் வைத்தான் என்று இன்றைக்கும் தெரியாது. கை வைத்தது.

சடையன் பொண்டாட்டி பச்சையம்மா அந்தத் தலையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று இவனாக மனசைத் தேற்றிக்கொண்டான்.

அதற்கப்புறம் சுடவில்லை. புதர் அசைந்தால் நடந்துகொண்டிருக்கிறவன் அப்படியே குந்திவிடுவான். மூன்று தடவை துப்பாக்கியை எறிந்துவிடத் தேன்பாறைக்குப் போனான். அந்தப் பள்ளத்துக்குள் இன்னொன்றைத் தள்ள மனசு வரவில்லை.

தார்ப்பாய் பக்கம் நின்ற ஏட்டு குனிந்து, இவன் துப்பாக்கிக் கட்டையில் ஒரு சீட்டைக் கட்டினார். பன்னிரண்டு.

நிமிர்ந்தவர் இவனைப் பார்க்கவில்லை. இவனுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

வேறு ஒன்றும் கேட்க வேண்டாமா என்று இவனே கேட்டான். என்னத்தைக் கேட்பது பெரியவரே, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கும் என்று ஏட்டு சிரித்தார்.

அரிசி வரிசையிலிருந்து பச்சையம்மா வந்தாள். இடுப்பில் பை. தார்ப்பாய் ஓரமாக நின்றாள். பன்னிரண்டையும் பார்த்தாள். கடைசியில் கிடந்ததைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தாள்.

இவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்குத் தலய வச்சவங்க கதவத் தட்டியிருக்கலாம்ணா. அவருதான் குடுத்தனுப்பியிருக்காரு, பின்னாடியே வந்துடுவாருன்னு கொழம்பு வச்சேன். மூணு நாளும் சூடு பண்ணிக்கிட்டே இருந்தேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஏட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

பையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏட்டு மறுபடியும் போகச் சொன்னார்.

கிழவன் அவள் போன தடத்திலேயே நடந்தான். வழியில் புதர் அசைந்தது. குந்தவில்லை.

பச்சையம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அன்றைக்குத் தலையை வைத்த இடத்தில் நின்றான். உள்ளே அவள் அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டது.