அறுவடைக் காலத்து நெஞ்சுவலி

ஹில்மருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, மனைவி வேர்னாவுடன் கலந்து பேசித்தான்.

வேறு வழியில்லை. கொட்டகையில் நின்ற அறுப்பு மெஷினின் எஞ்சின் உயிரை விட்டுவிட்டது. புது எஞ்சின் போடவோ, கூலிக்கு ஆள் பிடிக்கவோ ஹில்மருக்கு மனசு வரவில்லை. வெளியே கோதுமை முற்றி நின்றது. அடுத்த வார இறுதியில் மழை, பின்னாலேயே பனி என்று ரேடியோ வேறு மிரட்டியது. ஒரு வருஷத்துச் சாப்பாடு மொத்தமும் அந்த ஒரே வயலில் இருந்தது.

சஸ்காட்சுவான் மாகாணத்துச் சமவெளியில் ஹேஸல்டீன் கையளவு ஊர்தான். ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. அறுவடை நேரத்தில் எவனாவது படுத்துவிட்டால், ஊரே மெஷின்களை ஓட்டிக்கொண்டு வந்து அவன் வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும். யாரும் கூப்பிட வேண்டாம். கூலி கிடையாது. யார் யார் வந்தீர்கள் என்று விசாரிப்பதுகூட மரியாதைக் குறைவு. சாப்பாடு மட்டும் போட்டால் போதும். இந்த வழக்கத்தில் ஹில்மர் இதுவரை கலந்துகொண்டதில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெஸ்டர் கால் முறிந்து கிடந்த வருஷம், இவருக்குச் சரியாக முதுகு பிடித்துக்கொண்டது.

வேர்னா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டுறவுக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனாள். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். அவர் மெஷினில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அந்த ஊரில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெட்ரோல் போட வரும் வெளியூர் லாரிக்காரர்கள் வரைக்கும் விஷயம் போய்விடும்.

"பாவம்ங்க அவங்கல்லாம்," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "உங்களுக்காக உருகுறாங்க. மாட்டிக்கிட்டோம்னா இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது."

"நீ வாயைத் திறக்காம இருந்தா எப்படி மாட்டுவோம்?" என்று சொல்லிவிட்டு, நோயாளி இன்னொரு துண்டு கேக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மரவரிசைக்கு அப்பால் எஞ்சின் சத்தம் கேட்டது. ஹில்மர் திரையை விலக்கிப் பார்த்தார். பெரிய பெரிய மெஷின்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர் வயலில் இறங்கின. பின்னால் லாரிகள். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது முன்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அந்தக் கதவைத் திறந்து பல வருஷம் ஆகிறது. ஊரில் எல்லோரும் சமையலறைக் கதவு வழியாகத்தான் வருவார்கள். வேர்னா அதை மறித்துக் கிடந்த தையல் மெஷினை நகர்த்தி வைத்துவிட்டுத் திறந்தாள். வாட்டசாட்டமான ஒருவன் பூட்ஸ் காலோடு படுக்கையறை வாசல் வரை வந்து நின்றான். நெஸ்டருடைய மச்சான் மகனாம். பக்கத்து மாகாணம் அல்பெர்ட்டாவாம்.

ஹில்மருக்கு நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது. இவன் கண்டுபிடித்து ஊரில் சொல்லிவிட்டால்? போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வராத இருமலை வரவழைத்து இருமினார்.

"எழுந்துக்காதீங்க ஐயா," என்றான் அவன். "உடம்புதான் முக்கியம். கோதுமையை உங்க குதிர்ல கொட்டணுமா, இல்ல நேரா ரயிலடிக் கிடங்குக்கே கொண்டு போயிடவா? எடைச் சீட்டை உங்க பேர்லயே போடச் சொல்லிடறோம்."

லாரி வாடகையும் மிச்சம் என்று ஹில்மரின் மனசு துள்ளியது. "உங்க இஷ்டம் தம்பி," என்று ஈனசுரத்தில் சொன்னார்.

"டீசல்தான் கொஞ்சம் இழுக்குது."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஹில்மர் தாராளமாகக் கையை வீசினார். கொட்டகைக்குப் பின்னால் டேங்க் இருக்கிறது, வேண்டிய மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்றார்.

அவன் போனதும் வேர்னா கம்பளத்தைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். "யார் வளர்த்த பிள்ளையோ, பூட்ஸைக் கழட்டணும்னுகூடத் தெரியல."

"சும்மா அறுத்துக் குடுக்க வந்தவன் கால்ல பூட்ஸ் இருந்தா உனக்கென்ன?"

வேர்னா சாண்ட்விச்சும் காபியும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். அவர்கள் மெஷினை விட்டு இறங்கவே இல்லை, புழுதி படிந்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி வாங்கி, ஓட்டிக்கொண்டே சாப்பிட்டார்களாம். என்ன உழைப்பு என்று அவள் மாய்ந்து போனாள். திரைக்குப் பின்னால் இருந்த ஹில்மருக்கோ குறைதான் தெரிந்தது. கிழக்கு மூலையில் ஒரு பட்டை அறுபடாமல் நின்றது. கூலி வாங்காதவனுக்கு என்ன அக்கறை இருக்கும் என்று அலுத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது கடைசி லாரியும் போய்விட்டது. ஹில்மர் எழுந்து உட்கார்ந்து, இருட்டும் வரைக்கும் நிதானமாக, திருப்தியாகச் சாப்பிட்டார். ஒரு காசு செலவில்லாமல் ஊரையே ஏமாற்றியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறக்கும் சத்தம். ஹில்மர் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். நெஸ்டர்தான். பூட்ஸை வாசலிலேயே விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கவே தயங்கினான். கண்டுபிடித்துவிட்டானோ என்று ஹில்மருக்கு வேர்த்தது.

நெஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோப்பா, எங்க வயலை முடிக்கவே எல்லாருக்கும் இன்னிக்கு வரைக்கும் ஆயிடுச்சு; நாளைக்கு விடிஞ்சதும் ஊரே மெஷினோட வந்து உன் கோதுமையை அறுத்துக் குடுத்துடறோம், நீ நிம்மதியாப் படுத்துக்கோ."