ஒரு சாண் மேலே

உப்பு முழங்கையில் எரிந்தது.

அவள் கையை நகர்த்தவில்லை. விடிந்ததிலிருந்து அந்த உப்புக் குவியலின் மேல், பனையோலை மறைப்புக்குள் குப்புறக் கிடக்கிறாள். வியர்வை வழிந்த இடமெல்லாம் உப்பு. உப்பு பட்ட இடமெல்லாம் தீ.

துப்பாக்கியின் ஸ்கோப்புக்குள் லிங்கதுரை நின்றான்.

உப்பளத்தின் அந்தக் கோடியில், பம்ப் ஷெட் வாசலில். கையில் போலீஸ் துப்பாக்கி. உள்ளே உப்பு வாரும் பெண்கள். யாரையும் அவன் தொடவில்லை, மிரட்டவில்லை. வாசலில் நின்றான். அதுவே போதுமாயிருந்தது.

அவர்கள் போலீஸ் யூனிட்டில் தூரத்திலிருந்து சுடுவதற்கென்று இரண்டே பேர்.

ஒருவன் அங்கே. இன்னொருத்தி இங்கே.

போன மாதம் ஒரு முற்றுகையில் அவன் சுட்ட தோட்டா தப்பான ஆளைக் கொன்றுவிட்டது. விசாரணை அவனை விட்டுவிட்டது. அவன் தன்னை விடவில்லை.

"மூஞ்சியப் பாத்தியாம்மா? பய உறங்கி எத்தன நாளாச்சோ," என்றார் பக்கத்தில் படுத்திருந்த ஏட்டு ஜெபசிங். பைனாகுலரில் பார்த்துத் தூரம் சொல்வது அவர் வேலை. "முந்நூத்தம்பது மீட்டர். நின்ன எடத்துலயே நிக்கான். இன்னைக்காவது திருகைத் திருப்பு. கோடு புடிக்காத."

தூரம் போகப்போகத் தோட்டா தாழும். அதற்கு இரண்டு வழி. ஸ்கோப்பின் தலையில் இருக்கும் திருகைத் தூரத்துக்குத் தக்கபடி திருப்பலாம். நிதானமான வேலை. அல்லது திருகைத் தொடாமல், கண்ணாடிக்குள் நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கிற கோடுகளில் ஒன்றை ஆள்மேல் வைக்கலாம். அவசர வேலை.

லிங்கதுரை திருகுக் கட்சி. அவள் கோட்டுக் கட்சி. புது ஸ்கோப்புகள் வந்தபோது ஆளுக்கொரு வழியைப் பொறுக்கிக்கொண்டு ஆரம்பித்த சண்டை.

'நீ திருப்பி முடிக்கதுக்குள்ள திருடன் பஸ் ஏறிருவான்' என்பாள்.

'நீ கோட்டை எண்ணிக்கிட்டு இரு. நான் டீ குடிச்சிட்டு வாரேன்' என்பான்.

இன்று சண்டை போடத் தெம்பில்லை. ஏட்டு சொன்னபடியே திருப்பினாள். டிக், டிக், டிக். விரலுக்கு மட்டும் கேட்கிற சத்தம்.

அப்போதுதான் அவன் நடக்கத் தொடங்கினான்.

ஷெட்டை விட்டு விலகி, வரப்பின் மேல் சாய்வாக. அவள் கிடந்த உப்புக் குவியலை நோக்கி. எங்கே பதுங்குவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"வாரான்... இங்கனல்லா வாரான்!" ஜெபசிங்கின் வாய் தூரத்தை எண்ணியது. "முந்நூறு. எரநூத்தம்பது."

ஷெட்டிலிருந்து பெண்கள் மறுபக்கமாக ஓடினார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எரநூறு. நூத்தம்பது."

நின்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் இப்போது ஆளில்லை, ஷெட் இல்லை. கடல்தான்.

"நூறு," என்றார் ஜெபசிங். குரல் இறங்கிவிட்டது. "அளந்து வச்ச மாரி நூறு."

அவளுக்குப் புரிந்தது.

யூனிட்டின் எல்லாத் துப்பாக்கியும் நூறு மீட்டருக்குத்தான் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே திருகும் வேண்டாம், கோடும் வேண்டாம். நடுப்புள்ளியை வை, சுடு. குழந்தைகூடத் தவறாது.

அவள் திருகைத் தொடமாட்டாள் என்று நம்பி வந்து நிற்கிறான். தன் கைக்கு வந்த தப்பு அவள் கைக்கு வரக்கூடாதென்று, தேடிப்பிடித்து, அந்த இடத்தில்.

துப்பாக்கியைத் தூக்கி நேரே குவியலுக்குக் குறிவைத்தான்.

"தோட்டா மேகசின் இல்லையேம்மா! வெறும் துப்பாக்கியல்லா நீட்டுதான், கிறுக்குப்பய!"

ஜெபசிங் அதை வயர்லெஸ்ஸில் சொன்னார். அதிகாரியின் பதில் உடனே வந்தது.

"உள்ள ஒரு ரவுண்டு இருக்கலாம். சுடச் சொல்லுங்க. இல்லேன்னா தொட்டி மேல இருக்கவங்க சுடுவாங்க."

தண்ணீர்த் தொட்டி மேல் வெளியூர்க் குழு. அவர்களுக்கு லிங்கதுரை ஒரு பெயர்கூட இல்லை.

"திருகைப் பழையபடி வச்சிட்டியாம்மா?"



வைக்கவில்லை. திருகு முந்நூற்றைம்பதிலேயே இருந்தது. இந்தத் தூரத்தில் தோட்டா ஒரு சாண் மேலே போகும்.

நெஞ்சில் வைத்தால் தொண்டை.

நெற்றியில் வைத்தால் வானம்.

நடுப்புள்ளி அவன் நெஞ்சிலிருந்து மெல்ல ஏறியது. சட்டைக் காலர். மோவாய். சவரம் காணாத கன்னம். நெற்றி.

சுட்டாள்.

சாக வந்தவன்தான். ஆனால் உச்சிமயிரை ஒட்டித் தோட்டா போகும்போது உடம்பு மனசிடம் யோசனை கேட்பதில்லை. துப்பாக்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், பாத்திக்குள் விழுந்தான். வரப்போரக் குவியல்களுக்குப் பின்னால் காத்திருந்த போலீஸார் பாய்ந்து அமுக்கினார்கள்.

வயர்லெஸ் அலறியது. "நூறு மீட்டர்ல மிஸ்ஸா?"

ஜெபசிங் அவளைப் பார்த்தார். திருகைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"திருப்பி வைக்க மறந்துட்டாங்க சார். வழக்கமா கோடு புடிக்கிற ஆளு, பழக்கமில்ல." பொத்தானை விட்டார். "துப்பாக்கியப் புடுங்கிருவானுவ தாயி. இனிமே ரோட்டுல நின்னு வண்டிக்குக் கையக் காட்ட வேண்டியதுதான்."

"காட்டுதேன்."

வரப்பில் நாலு பேர் பிடிக்குள் திமிறிக்கொண்டு லிங்கதுரை குவியலைப் பார்த்துக் கத்தினான். தொண்டை கிழிய.

"குருடி! நூறுலகூட அடிக்கத் தெரியாதாட்டி உனக்கு? குருடி!"

அவள் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தாள். உப்பின் மேல் தலையைச் சாய்த்தாள்.

கத்தட்டும்.

இன்னும் நன்றாகக் கத்தட்டும்.