மேலவை வாசலில் எஸ்தர்

ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கீழவையின் ஐந்து வருட ஆயுள் அன்று பகல் பன்னிரண்டோடு முடிகிறது. உப்பளங்களில் நிழலும் உட்கார இடமும் வேண்டும் என்ற மசோதாவைக் கடைசி வேலையாக நிறைவேற்றி, அவைத் தூதர் எஸ்தரின் கையில் கொடுத்தார்கள். அவள் தாழ்வாரத்தைக் கடந்து மேலவை வாசலில் போய் நின்றாள். மாகாண சபைகள் தேர்ந்தெடுத்த அந்த அவை ஒருநாளும் கலைவதில்லை. அதற்கு எதிலும் அவசரமில்லை. அதன் தலைவர் நிமிர்ந்து தூதரைப் பார்த்துவிட்டால் "வரலாம்" என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது வழக்கம். அதனால் அவர் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடித்ததும் கீழவையோடு மசோதாவும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

பன்னிரண்டு அடிக்கவில்லை. தூதர் மசோதாவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்வரை கீழவையில் கலைப்பு மணியை அடிக்கக் கூடாது என்பது அதைவிடப் பழைய வழக்கம். வெயில் சாயத் தொடங்கிவிட்டது.

காவலர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உக்காரும்மா. எவ்வளவு நேரந்தான் நிப்பே?"

வாசலில் தூதர் உட்கார்ந்தால் மசோதா வாபஸ் என்று அர்த்தம். அது இருவருக்கும் தெரியும்.

எஸ்தர் மசோதாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எங்கம்மா உப்பளத்துல நாப்பது வருஷம் நின்னவங்கண்ணே. இங்க தரை குளுகுளுன்னுல்ல இருக்கு!"

உள்ளே, காலையிலிருந்து நிமிராத தலைவர் மெல்லப் பிடரியைத் தடவிக்கொண்டார்.