பூசைக்கு ஏறிய கணினி

கடற்றொழில் சங்கத்துக் கணினிக்குத் தியாகலிங்கம் செவ்வரத்தம்பூ மாலை போட்டுச் சந்தனமும் பூசிவிட்டார்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகக் கட்டுக்கும் வலை பின்னும் ஊசிகளுக்கும் நடுவே, வயரெல்லாம் சுருட்டிக் கட்டியபடி அது இருந்தது.

“பூசையிலை வைச்ச சாமான். நாளைக்கு விடியுமட்டும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, பிள்ளை,” என்றார் சங்கத் தலைவரான அவர், செயலாளர் ஞானாம்பிகையிடம்.

வல்வெட்டித்துறையில் பெண்கள் கருவாடு காயவிடும் கரையில் விடுதி கட்டப் போகிறார்களாம். ஆட்சேபனைக் கடிதம் இன்று பின்னேரத்துக்குள் நகரசபைக்குப் போகாவிட்டால் கரை போனதுதான்.

விடுதி கட்டப்போவது தலைவரின் மருமகன்.

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்.

ஞானாம்பிகை அந்தக் கருவாட்டில்தான் தன் இரண்டு பெட்டைப் பிள்ளைகளைப் படிப்பித்தவள். மற்ற வருடங்களில் கணினி மூலையில்தான் கிடக்கும். தலைவருக்கு அதன்மேல் பக்தி பிறந்தது இந்த வருடம்தான்.

இத்தனைக்கும், போன மாதம் அதிலிருந்த எழுத்து மென்பொருள் தவணை முடிந்து நின்றபோது, புதுப்பிக்கக் காசில்லை, சும்மா கிடைக்கிறதிலை அடி என்று கையை விரித்தவரும் அவரே.

ஞானாம்பிகை குங்குமம் எடுத்துக் கணினியின் நெற்றியில் தானே ஒரு பொட்டு வைத்தாள். பிறகு போய்ப் பெண்களோடு பாயில் இருந்தாள்.

பாட்டுத் தொடங்கியது.

பெண்கள் ஒருத்தியும் குனிந்த தலை நிமிரவில்லை. முன்வரிசையில் தலைவரின் மனைவி தங்கமுத்துவும் அப்படித்தான். இவ்வளவு அடக்கத்தைத் தலைவர் இந்தச் சங்கத்தில் கண்டதேயில்லை. மனம் குளிர்ந்து மணியை இன்னும் பலமாக ஆட்டினார்.

தீபம் காட்டி முடித்த கையோடு அவருடைய கைபேசி கிணுங்கியது.

ஆட்சேபனைக் கடிதம். நகரசபைக்குப் போய்விட்டது, தலைவர் என்பதால் அவருக்கும் ஒரு பிரதி. பாட்டு நடந்த நேரம் முழுக்க அது எல்லோருடைய மடியிலிருந்த கைபேசியிலும் திறந்து கிடந்திருக்கிறது. அடியில் ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே அடித்திருந்தாள்.

“கணினியிலை நான் கை வைக்கேல்லை, அண்ணை,” என்றாள் ஞானாம்பிகை. “இன்ரநெற்றிலை சும்மா கிடைக்கிறதிலை அடி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

அவருக்கு அது காதில் விழவில்லை. கடைசிப் பெயரையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

தங்கமுத்து கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவல் பங்கிட எழுந்தாள்.