சைனம்பு மறைத்த பேர்

"உன் மோன் பேரு என்ன, சைனம்பு?"

கேட்டது ரெபேக்காம்மா. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சைனம்பு வீட்டு வேலை பார்க்கிற இடத்து எஜமானி. கையில் துண்டுக் காகிதம், பேனா.

"எதுக்கும்மா?"

"நாளைக்கு எங்க ஜூதப் பள்ளியிலே தொழுகையப்போ சீக்காளிகளுக்கு வேண்டிக்குவாங்க. பிள்ளை பேரும் தாய் பேரும் சரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னா வேண்டுதல் போய்ச் சேராது, கேட்டியோ?"

சைனம்பு துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

ஒன்பது வயது மகன் டைபாய்டில் ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் பேர் நாசர்.

அவன் பிறந்த சமயம் எகிப்தை ஆண்ட நாசரை மட்டாஞ்சேரி மிளகுக் குடோன்களில் மூட்டை தூக்குகிறவர்கள்கூடத் தலைவர் என்று கொண்டாடினார்கள். சைனம்புவின் புருஷன் முகமது இஸ்மாயிலும் அவர்களில் ஒருவன். ஆசை ஆசையாக வைத்த பேர்.

அறுபத்தேழில் சைனம்பு இந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த வாரமே எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை மூண்டது. ரெபேக்காம்மாவின் ஒரே மகள் குடும்பத்தோடு இஸ்ரேலில். அந்தத் தலைவர் பேர் ரேடியோவில் வந்ததுமே ரெபேக்காம்மா அதைப் பட்டென்று அணைத்தாள்.

"அந்தப் பேரு இந்த வீட்டிலே கேக்கவே கூடாது."

அன்றிலிருந்து எஜமானி காதுக்கு எட்டுகிற இடத்தில் நாசர், 'ராசா' ஆகிவிட்டான்.

இப்போது ஆறு வருஷம் கழித்து மறுபடியும் அதே எகிப்தோடு சண்டை. இந்தத் தடவை ரெபேக்காம்மாவின் பேரன் எலியாஸே பட்டாளத்தில் இருக்கிறான். ஒரு வாரமாகத் தகவல் இல்லை.

"ராசாம்மா," என்றாள் சைனம்பு. "சைனம்பு மகன் ராசா."

ரெபேக்காம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஜுரம் நூற்றைந்தைத் தொட்டது. பையன் பிதற்ற ஆரம்பித்தான்.

"என்னாலதான்," என்றாள் புருஷனிடம். "இல்லாத பேருக்கு வேண்டுதலை அனுப்பிட்டேன். அது எந்த ராசாவுக்குப் போச்சோ! நிஜத்தைச் சொல்லிடறேங்க."

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? இப்ப அவங்க பேரனே அங்க சண்டையிலே நிக்கிறான். சொன்னா வேலை போயிடும். நாம குடியிருக்கிற குடிசையும் அவங்க மனையிலேதான் இருக்கு."

"பிள்ளை போயிட்டா?"

இஸ்மாயில் துணியை நனைத்துப் பையன் நெற்றியில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைனம்பு யூதத் தெருவுக்கு நடந்தாள். மூன்றாம் நாள் ஜுரம் இறங்கப்போகிறது என்று அப்போது யார் அவளுக்குச் சொல்வார்கள்? இரண்டு தடவை பாதி வழியில் நின்றாள்.

ரெபேக்காம்மா வாசலில் நாற்காலி போட்டுத் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தந்திக்காரன் வந்துவிடுவானோ என்று பார்க்கிற பார்வை.

"மோனுக்கு எப்படி இருக்கு?"

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். என் மகன் பேரு ராசா இல்லே. நாசர்."

சைனம்பு கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே போ என்ற சொல் எந்த நிமிஷமும் விழும்.

"தெரியும்."

சைனம்பு கண்ணைத் திறந்தாள்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலேயிருந்து ஓடி வந்து என் அடுக்களைச் சுவத்திலே முட்டிக்கிட்டு அழுதியே, எந்தப் பேரைச் சொல்லி அழுதே? பெத்தவளுக்கு அழறப்போ பொய் வராது. வெள்ளிக்கிழமை நீயே சொல்லுவியான்னுதான் கேட்டேன்."

"அப்ப, அந்தக் காகிதத்திலே..."

"நாசர், சைனம்பு மகன்னுதான் எழுதிக் கொடுத்தேன். வாசிக்கிறவர் வேண்டாம்னு தயங்கினார். 'என் அப்பா பாக்தாத்காரர், எனக்கு அரபி அறியும். நாசர்னா துணை நிக்கிறவன்னு அர்த்தம். அங்கே தெருவுக்கு நாலு நாசர் உண்டு. ஒருத்தன் மேலே எனக்குள்ள கோபத்துக்கு ஒரு கொச்சுப் பையன் என்ன செய்வான்? வாசியும்'னு சொன்னேன்."

சைனம்பு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"எலியாஸ் தம்பிக்கு வேண்டிக்கலையாம்மா?"

"அவன் பேரும் அதே காகிதத்திலேதான் இருந்தது," என்றாள் ரெபேக்காம்மா, தெருக்கோடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாசருக்குக் கீழே."